புகைக்குள் கை தேடும் வழி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. எலும்பு கூடி, கட்டும் பிரித்தாயிற்று என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படிக்கு மட்டும் அவசரப்படாதே.

தீப்பிடித்த கட்டிடத்திலிருந்து ஆட்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று பார்க்க, கம்ப்யூட்டரில் ஆட்களுக்குப் பதிலாக இன்னும் அந்தப் புள்ளிகளைத்தான் ஓடவிடுகிறாயா என்று கேட்டிருந்தாய். ஆமாம்டா. ஆனால் போன மாதம் அதில் ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடித்தேன், உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் மாடலில் தளம் முழுக்க 40 சென்டிமீட்டர் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு ஆள். வாசல் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் உண்டு, எண் குறைகிற பக்கமாக ஆள் நகர்வான். புகை வந்தால்? வேகத்தைக் குறைத்தோம், அவ்வளவுதான். 1970களிலேயே ஜப்பானில் ஜின் என்ற ஆய்வாளர் ஆட்களைப் புகைக்குள் நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார். கண் எரிகிற புகையில் வேகம் சட்டென்று விழுகிறது, கண்ணைத் திறக்க முடியாமல் சுவரை ஒட்டி அடிமேல் அடி வைத்துப் போகிறார்கள். நாங்கள் வேகத்தை எடுத்துக்கொண்டு சுவரை விட்டுவிட்டோம். எங்கள் ஆட்கள் ஒன்றுமே தெரியாத புகையிலும் வாசல் இருக்கும் திசை தெரிந்தே நடந்தார்கள்!

சந்தேகம் வந்து ஒரு நாள் சாயங்காலம் நீச்சல் கண்ணாடியில் கறுப்பு டேப் ஒட்டி மாட்டிக்கொண்டு, தினமும் நடக்கிற காரிடாரில் நடந்து பார்த்தேன் (காவலுக்கு ஒருவர் கூடவே வந்தார், பயப்படாதே). வலது கை சுவரில். பத்தடி போனதும் சுவர் இல்லை. கை திறந்திருந்த ஒரு கதவுக்குள் போய், நிலையைத் தடவிக்கொண்டே நானும் உள்ளே திரும்பிவிட்டேன், திரும்பியதே தெரியவில்லை. மேசை விளிம்பு இடுப்பில் இடித்தபோதுதான் அறைக்குள் நிற்கிறேன் என்று புரிந்தது.

அன்று இரவே அந்த எண்களை எடுத்துவிட்டு, கை எட்டுகிற தூரம் மட்டுமே தெரிகிற ஆட்களாக மாற்றினேன். அதே கட்டிடம்தான், ஆனால் திறந்து கிடந்த ஒவ்வொரு அறையையும் சுவரோடு சுற்றிவிட்டு வெளியே வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு ஓடவிட்டால் நேரே வாசலுக்குப் போகிறார்கள். ஒரு கதவைச் சாத்துவதில் இவ்வளவு இருக்கிறது என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம், பக்கத்து ஆளைப் பின்பற்றுவது. ஹெல்பிங், ஃபர்காஷ், விச்செக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000இலேயே இதைக் கம்ப்யூட்டரில் புகை நிறைந்த அறையாக வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் தேடினாலும் சரியில்லை, எல்லோரும் கூட்டத்தின் பின்னே போனாலும் ஒரே வாசலில் நெரிசல்தான். கொஞ்சம் தானாகத் தேடி, கொஞ்சம் அடுத்தவரையும் பார்த்துப் போகும்போதுதான் அதிகம் பேர் தப்பிக்கிறார்கள். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதி எரிந்து 100 பேர் செத்துப்போனார்களே, அங்கே வேறு வாசல்களும் இருந்தன. ஆனால் பெரும்பாலானவர்கள் உள்ளே வந்த வாசலுக்கே திரும்பினார்கள். அதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் இரண்டாவது வாசலைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

இப்போது உன் உதவி வேண்டும். வாசலில் நின்று ஒருவர் விடாமல் குரல் கொடுத்தால் என்ன ஆகும் என்று அடுத்துப் பார்க்கப்போகிறேன். அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது, வளைந்து போகிற காரிடாரில், குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எவ்வளவு தூரம்வரை காது பிரித்தறியும்? ஒலியோடே வேலை பார்ப்பவன் நீ. விவரமாக எழுது.

அன்புடன்,
ரவி