வியாழன் மாலை: வீட்டு வசதி மானியம் பற்றிய கருத்துக் கேட்பு

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்க மத்திய அரசின் வீட்டு வசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை (ஹட்) நம்ம சிட்டிக்குத் தரும் சிடிபிஜி (சமூக வளர்ச்சி மானியம்), ஹோம் (குறைந்த வருமானக்காரர்களுக்கான வீட்டு வசதி மானியம்) ஆகியவற்றின் செலவுத் திட்ட வரைவு வந்துவிட்டது. கருத்துச் சொல்ல 30 நாள். அதில் பாதி ஓடிவிட்டது.

கூட்டம்: வரும் வியாழன் மாலை 6.30, சிட்டி ஹால்.

1. பேசுபவர்கள் 6.15-க்கே வந்து பெயர் கொடுங்கள். விசா எதுவானாலும் பேசலாம்.

2. வர முடியாதவர்கள் மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் சுருக்கத்தையும் சிட்டி திட்டத்தோடு சேர்த்தாக வேண்டும். ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும்.

3. "வாடகை அதிகம்" என்று பொதுவாகப் புலம்ப வேண்டாம். இடத்தைச் சொல்லுங்கள். உதாரணமாக, நூலகத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் நடைபாதை உடைந்து, தாத்தா பாட்டிகள் வாக்கரைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்குகிறார்கள். போட்டோவோடு அனுப்புங்கள்.

4. சிடிபிஜி பணத்தில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, மிதமான வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். முதியோர் உணவு, குழந்தைக் காப்பகம் போன்ற சேவைகளுக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. (கிரிக்கெட் மைதானத்தை இதில் கேட்காதீர்கள், ப்ளீஸ்!)

5. அப்பா அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையா? நாளைக்குள் சொல்லுங்கள், சிட்டியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

செவ்வாய் இரவுக்குள் "வருகிறேன்" அல்லது "எழுதுகிறேன்" என்று இங்கேயே பதில் போடுங்கள். காரில் இடம் வேண்டுமென்றால் அதையும் சொல்லுங்கள்.