அந்த வரிசையில் கவுண்டாவின் பெயர் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆப்பிரிக்க ஆட்சிக் கவிழ்ப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், ‘நாற்காலியை விடாத அமீன், மொபுட்டு, கவுண்டா போன்றோர்’ என்று ஒரு வரி. உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீன், ஜயரின் (இன்றைய காங்கோ) சர்வாதிகாரி மொபுட்டு ஆகியோரோடு கவுண்டாவா? அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

ஜாம்பியாவில், செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த கிட்வே நகரத்தில் ஆசிரியராக வேலை பார்த்தவன் நான். அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் கென்னத் கவுண்டா ஆட்சியின் கடைசிக் காலத்தை அங்கேயே இருந்து பார்த்தேன். 1972-ல் அமீன் ஆசியர்களை உகாண்டாவை விட்டுத் துரத்தியபோது, அதை வெளிப்படையாகக் கண்டித்த ஆப்பிரிக்கத் தலைவர்களில் கவுண்டாவும் ஒருவர். இது தங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்துமா இருவரையும் ஒரே வரியில் நிறுத்தினீர்கள்?

அவர் 27 ஆண்டுகள் ஆண்டார், உண்மைதான். நாட்டை ஒரே கட்சியின் கையில் கொடுத்தார். சொந்த ஊரான சின்சாலியில் கூடவே வளர்ந்த நண்பர் சைமன் கப்வெப்வே தனிக்கட்சி தொடங்கியபோது, கட்சியைத் தடைசெய்து அவரையும் சிறையில் வைத்தார். இதையெல்லாம் எழுதுங்கள், நான் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். அப்போது நாங்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. கடைகளில் சமையல் எண்ணெய் கிடைக்காது, சோப்பு கிடைக்காது. அந்த ஊர்ச் சாப்பாடான ன்ஷிமா கிண்ட மக்காச்சோள மாவுக்கு விடியுமுன்பே வரிசை நிற்கும். மாவு விலையை ஏற்றியதால் 1990 ஜூனில் கலவரமே வெடித்து உயிர்கள் போயின.

ஆனால் கஜானா ஏன் காலியானது என்றும் எழுத வேண்டாமா? செம்பு விலை விழுந்தது ஒரு காரணம். 1973-ல், பக்கத்து நாடான ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சிப் பிரதமர் ஸ்மித் ஜாம்பியாவுடனான எல்லையை மூடினார். பிறகு அவரே திறக்க முன்வந்தபோதும் கவுண்டா திறக்கவில்லை. செம்பை ஏற்றுமதி செய்யும் வழி அடைபடும் என்று தெரிந்தே, பக்கத்து நாட்டுக் கறுப்பின மக்களின் விடுதலைக்காக அந்த நஷ்டத்தை ஏற்றார். தென்னாப்பிரிக்காவில் தடை செய்யப்பட்டிருந்த மண்டேலாவின் கட்சிக்குத் தலைநகர் லுசாகாவில் இடம் கொடுத்தவரும் அவர்தான்.

1993 வரை பதவிக்காலம் இருந்தும், 1991 அக்டோபரிலேயே பல கட்சித் தேர்தல் நடத்தினார். என்னோடு வேலை பார்த்த அந்த ஊர்க் கணக்கு ஆசிரியர் தினமும் கவுண்டாவைத் திட்டுவார். எதிர்க்கட்சியின் கடிகாரச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து எல்லாரிடமும் சொன்னார். தோல்வியை ஏற்றுக்கொண்டு கவுண்டா தொலைக்காட்சியில் பேசியபோது நான் அந்தக் கணக்கு ஆசிரியர் வீட்டில்தான் இருந்தேன். மனிதர் எழுந்து போய் ஒலியைக் கூட்டிவிட்டு, உட்காராமல் நின்றபடியே கடைசிவரை கேட்டார். மொபுட்டுவோ அமீனோ இப்படியா போனார்கள்? இருவரும் நாட்டை விட்டு ஓடியவர்கள்.

அடுத்துக் குடியரசுத் தலைவராக வந்த சிலுபா, பெற்றோர் இருவரும் ஜாம்பியர்களாக இருந்தால்தான் அந்தப் பதவிக்குப் போட்டியிடலாம் என்று 1996-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார். கவுண்டாவின் அப்பா மலாவியிலிருந்து வந்த மதபோதகர் என்பதால் அவர் மறுபடி போட்டியிட முடியாமல் போனது. 1999-ல் ஒரு நீதிமன்றம், நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்தவரையே நாடற்றவர் என்றது. அதே ஆண்டு அவருடைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்கள் கட்டுரையில் இதில் ஒன்றுக்கும் இடமில்லை.

பழைய வருத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வரைபடத்தில் ஜாம்பியாவையும் ஜிம்பாப்வேயையும் இடம் மாற்றிப் போட்டீர்கள். எழுதினேன், திருத்தம் வரவில்லை. 2021 ஜூனில் கவுண்டா 97 வயதில் காலமானபோது ஒரு கட்டுரை அனுப்பினேன். கிடைத்தது என்றுகூட ஒரு வரி பதில் இல்லை. போடாததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வாரம் அவர் இறந்த செய்தியே தங்கள் இதழில் இல்லை. ஆப்பிரிக்கா என்றால் பஞ்சமும் துப்பாக்கியும் மட்டும்தானா? நீண்ட காலச் சந்தாதாரன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டத்தில், ‘கவுண்டா தேர்தலில் தோற்று, 1991 நவம்பர் 2-ல் ஆட்சியை ஒப்படைத்தார்’ என்று மட்டும் போடுங்கள். என் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.