உமி நீக்குவதோடு நிறுத்துங்கள், தவிட்டைத் தீட்டாதீர்கள்

பேரையூர், தே.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி பக்கம் சிறுதானிய ஆலை நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் வணக்கம்.

குதிரைவாலி அரிசி வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் விற்கும் என்று தீட்டுகிறீர்கள். தீட்டிய தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

தவிட்டோடு நார் மட்டும் போவதில்லை, உடலின் செல்களைச் சேதத்திலிருந்து காக்க உதவும் ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களும் போகின்றன. பழங்களில் இவை பெரும்பாலும் எளிதில் கரையும் நிலையில் இருக்கும். தானியத்தில் அப்படியில்லை. ஃபெரூலிக் அமிலம் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் தவிட்டின் நாரோடு வேதிப் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. கோதுமையில் ஃபெரூலிக் அமிலத்தின் 90 விழுக்காட்டுக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கிறது. சிறுகுடல் நொதிகளால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் நாரைச் சிதைக்கும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும். ஆன்டிஆக்ஸிடன்ட் அளவைப் பார்க்க ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால், மெத்தனால் என்ற கரைப்பானில் கரைந்து வருவதோடு நிற்காமல், காரம் சேர்த்துப் பிரித்துப் பிணைந்திருப்பதையும் அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் சரக்கில் அந்த அளவு குறைவாகத்தான் தெரியும்.

தீட்டும் எந்திரமே இல்லாத ஆலையிலும் தவிடு போகிறது. காரணம் தானியத்தின் ஈரம். 12 விழுக்காட்டைத் தாண்டினால் உமி லேசில் விடாது. மொத்தத்தையும் மறுபடி மறுபடி எந்திரத்தில் போடுவார்கள். ஏற்கெனவே உமி போன மணி ஒவ்வொரு முறையும் அடிவாங்கித் தவிட்டை இழக்கும், குருணையும் கூடும். நன்றாகக் காயவைத்து, கல் நீக்கி, சலித்து, பெருமணியையும் சிறுமணியையும் தனித்தனியே ஓட்டுங்கள். உமி விடாத மணியை மட்டும் பிரித்துத் திரும்பப் போடுங்கள். காற்றில் பிரிந்து விழும் உமியில் ஒரு கை அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வெறும் உமி என்றால் சரசரவென்று உதிர்ந்துவிடும். மாவுபோல் பிசுபிசுப்பாக ஒட்டினால் தவிடு போகிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறையுங்கள்.

தவிடு இருந்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்வது உண்மைதான். உமி நீங்கியதும் தவிட்டிலுள்ள லிப்பேஸ் நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். மதுரை வெக்கை அதை விரைவுபடுத்தும். அதற்குத் தீட்டல் மருந்தல்ல. இருப்பை உமியோடு வையுங்கள். விற்பனைக்கு வேண்டிய அளவு மட்டும் உமி நீக்கி, அரைக் கிலோ, ஒரு கிலோ பைகளில் அடைத்து, ஆலையில் ஓட்டிய தேதியைப் பெரிதாக அச்சிடுங்கள். புழுக்கிக் காயவைத்து ஓட்டினால் அந்த நொதி அடங்கிவிடும். நீராவி வசதி உள்ள ஆலைகள் இதைச் செய்யலாம்.

தவிட்டில் பைட்டிக் அமிலமும் உண்டு. இரும்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் அது பிடித்துவைக்கும். அதை மறைக்க வேண்டாம். ஊறவைத்து அரைத்து, இரவு முழுக்கப் புளிக்கவைத்து இட்லி, தோசை சுட்டால் அது குறையும் என்று பையிலேயே எழுதுங்கள். சோறாக்குவதற்கு ஒரு மணி நேரம் ஊற வேண்டும், தண்ணீரும் தீட்டிய அரிசியைவிடக் கூடுதலாக வேண்டும் என்பதையும் சேருங்கள். ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.