என் காலை அமத்திப் பார்த்த மிஸ்ஸுக்கும் மற்ற எல்லாருக்கும்

மகளுக்கு 31 ஆம் நாள் துடக்குக் கழித்தாயிற்று. அவள் நித்திரையாக இருக்கும்போதே இதை எழுதி முடிக்க வேண்டும்.

முதல் நன்றி எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு. வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடிக்கு லிஃப்ட் பழுதான அன்றும் ஏறி வந்தார். கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்திப் பார்த்தார், அந்தக் குழி எழும்பாமல் அப்படியே நின்றது. "செருப்பைப் போடுங்க, இப்பவே கிளினிக்" என்றார். பிரஷர் 140/90.

முதல் பிள்ளையை, கர்ப்பத்தில் பிரஷர் ஏறித் தாயையும் பிள்ளையையும் தாக்குகிற இந்தப் பிரீஎக்லாம்ப்சியாவில்தான் 28 ஆவது கிழமையில் இழந்தேன். தலையிடி என்று போனபோது, நித்திரை போதாது என்று பனடோல் தந்து அனுப்பின இடம் அது. சரி, அதை விடுவோம்.

இந்த முறை அது திரும்ப வராமலிருக்க டொக்டர் 12 ஆவது கிழமையிலேயே இரவில் அஸ்பிரின் தொடங்கியிருந்தார். பிரஷர் ஏறினதும் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்: எஸ்-எஃப்.எல்.டி-1, பி.எல்.ஜி.எஃப் விகிதம். துண்டின் பின்பக்கம் படம் கீறி விளக்கினார். பி.எல்.ஜி.எஃப் ரத்தக் குழாய்களை வளர்க்கிற புரதம், மற்றது அதைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. நச்சுக்கொடி திணறத் தொடங்கினால் பிடிக்கிறது கூடும், வளர்க்கிறது குறையும், நோய் வெளியே தெரிய முதலே ரத்தத்தில் அது தெரிந்துவிடும். விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே என்றால் அடுத்த ஒரு கிழமைக்கு அநேகமாகப் பயமில்லை.

29 ஆவது கிழமையில் எனக்கு விகிதம் 21. "வீட்டை போங்கோ" என்றார். அம்மா நம்பாமல் மூன்று தரம் கேட்டார். பயந்துபோனவளை வார்டில் போட்டு வைப்பது லேசு, வீட்டுக்கு அனுப்பத்தான் துணிவு வேண்டும், டொக்டர், அதற்கு நன்றி.

33 ஆவது கிழமையில் 97. அன்றே வார்டு. பிள்ளையின் நுரையீரலுக்கு ஸ்டீரோயிட் ஊசி இரண்டு, பிறகு பிரஷர் இன்னும் ஏற, வலிப்பு வராமல் மெக்னீசியம். அது ஏறும்போது உடம்பெல்லாம் எரிந்தது, இரவு முழுக்க ஈரத்துணி மாற்றி மாற்றி வைத்த நர்ஸ் மிஸ், உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. 34 முடிய மகள் வந்தாள், 1.9 கிலோ.

கண்டேயிராத ஒருவருக்கும் நன்றி: அந்தக் கட்டிப்போடுகிற புரதம் கூடினால் பிரஷர் ஏறும் என்று 2003இல் கர்ப்பிணி எலிகளில் காட்டிய குழுவின் அனந்த் கருமாஞ்சி.

ரிப்போர்ட் தாள் வரும்வரை காத்திராமல் இரவு எட்டரைக்குப் போன் பண்ணின லேப் தம்பிக்கும், கஞ்சி கொண்டுவந்த கீழ்வீட்டு ஆன்டிக்கும் நன்றி. காலி வீதி நெரிசலில் ஒரு பள்ளத்திலும் விழாமல் கொண்டுபோய் இறக்கின ஓட்டோ அண்ணாவுக்கு அன்றைய காசு இன்னும் தரவில்லை. வாசித்தால் ஒருக்கால் வந்து மணி அடியுங்கோ, லிஃப்ட் இப்போது வேலை செய்கிறது.