தாலாட்டும் கருத்து வங்கியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது தூரத்தில் வரும் பஸ் நம்பரை எனக்கு முன்னால் அவர் சொல்லிவிடுகிறார்.

இந்தப் பருவத்திலிருந்து எம்.ஏ. தமிழ்ப் பிள்ளைகளின் அசைன்மென்ட்டைக் கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணைய வகுப்பறையில்தான் திருத்துகிறேன். மொத்தம் 38 பேர். தாளில் திருத்தியபோது கட்டு என் மேஜையை விட்டுப் போகவே ஒரு மாதம் ஆகும். அதற்குள் அவர்கள் தேர்வையே எழுதி முடித்திருப்பார்கள், என் குறிப்பை யார் படிப்பார்கள்? இப்போது முதல் வரைவையே வாங்கி, நாலைந்து நாளில் கருத்து எழுதி அனுப்புகிறேன். மறுபடி எழுதிக் கொடுத்த பிறகுதான் மதிப்பெண். 'இந்த மேற்கோள் எந்த நூலில் உள்ளது?' போல அடிக்கடி எழுதுவதையெல்லாம் அதிலுள்ள கருத்து வங்கியில் ஒருமுறை சேமித்துவிட்டேன், வேண்டும்போது எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மிச்சமாகும் நேரத்தில் அந்தந்தப் பிள்ளைக்கென்று ஒரு கேள்வி எழுத முடிகிறது.

ஒரு மாணவி தாலாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். 'மாமன் சீர் இவ்வளவு விரிவாக வருகிறதே, தாய் குழந்தைக்கா இதைச் சொல்கிறாள்?' என்று கேட்டிருந்தேன். ஊருக்குப் போய்த் தன் ஆச்சியிடமே கேட்டு, புகுந்த வீட்டார் காதில் விழத்தான் என்ற பதிலோடு கட்டுரையை மாற்றி எழுதி வந்தாள். எனக்கு அன்று தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம், கணினியே கருத்தும் சொல்லிவிடட்டுமே என்று துறையில் பேச்சு. அந்த ஆசை பழையது. அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் 1966லேயே இதைத் தொடங்கினார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், திருத்தும் சுமை அறிந்தவர். ஆனால் அவருடைய நிரல் கட்டுரையின் நீளம், சொற்களின் நீளம், காற்புள்ளிகள் என்று எண்ணித்தான் பார்த்தது. 2014இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து லெஸ் பெரல்மன், மாணவர்களோடு சேர்ந்து, மூன்று சொற்களைக் கொடுத்தால் அர்த்தமே இல்லாத கட்டுரையை எழுதித்தரும் நிரலை உருவாக்கினார். திருத்தும் மென்பொருள் அதற்கும் உயர்ந்த மதிப்பெண் போட்டது.

இன்றைய ஏஐ அதைவிட எவ்வளவோ மேல், ஒத்துக்கொள்கிறேன். சந்திப்பிழையை அது பார்க்கட்டும். ஆனால் அந்தப் பெண் ஊருக்குப் போனது, தான் எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று தெரிந்ததால்தான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நீ கருத்துகளைக் குரலில் பதிவு செய்து அனுப்புவதாகச் சொன்னாயே, ஒருவருக்கு எத்தனை நிமிடம் பேசுகிறாய்? முழுவதும் கேட்கிறார்களா? விவரமாக எழுது.

அன்புடன்,
உன் விடுதி அறைத்தோழன்