நவராத்திரிக்கு முன் ஓடை ஸ்லாப்புகளைத் திரும்பப் போட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசமரத்து முற்றத்தைச் சுற்றிக் குடியிருப்போர் சார்பில்,
சமையல் தொழில் செய்துவரும் தெருவாசி.

பெறுநர்:
உயர்திரு நகராட்சிச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
பாலக்காடு மாவட்டம்.

நாள்: 09.09.2025

பொருள்: அரசமரத்து முற்றத்துக்குச் செல்லும் வழியில் நான்கு மாதமாகத் திறந்து கிடக்கும் ஓடை – மே மாதம் கிளப்பிய ஸ்லாப்புகளைத் திரும்ப மூடித் தரக் கோருதல் – நான்காவது மனு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக ஜூன் 9, ஜூலை 14, ஆகஸ்ட் 11 ஆகிய தேதிகளில் மூன்று மனுக்கள் கொடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் ரசீது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. பதில் மட்டும் இதுவரை வரவில்லை. முதல் இரண்டு மனுக்களையும் மலையாளத்தில் எழுதிக் கொடுத்தோம். தெருவில் பாதிக்கு மேல் தமிழ் பேசும் குடும்பங்கள் என்பதால் மூன்றாவதைத் தமிழில் எழுதினோம். தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே தர வேண்டும் என்று இம்மாநிலத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ஐயா, எங்களுக்கு எந்த மொழியில் பதில் வந்தாலும் சந்தோஷம்தான். ஒரு வரி வந்தால் போதும்.

இடத்தைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழைய நெல் மில்லுக்கும் ரேஷன் கடைக்கும் நடுவே நுழையும் சந்து. அதன் முடிவில் முற்றம். போன நவராத்திரியில் ஒருநாள் சாயங்காலம் தாங்கள் எங்கள் அழைப்பை மதித்து வந்தீர்கள், கொலுப் பார்த்தீர்கள், தொன்னையில் கொண்டைக்கடலைச் சுண்டல் வாங்கிக்கொண்டு அரசமரத்துத் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். அன்று தங்கள் ஜீப் நின்றது இந்த ஓடை ஸ்லாப்புகளின் மேல்தான். ஜீப்பைத் தாங்கிய ஸ்லாப்புகள் அவை. இன்று அந்த இடத்தில் ஒரு மனிதர் காலூன்ற வழியில்லை.

எங்கள் குறைகளைக் கீழே வரிசைப்படுத்தி எழுதுகிறோம்.

1. மே மாதம் இரண்டாம் வாரத்தில், மழைக்கு முந்தைய துப்புரவு என்று சொல்லி ஆட்கள் வந்து 11 ஸ்லாப்புகளைக் கிளப்பினார்கள். சேற்றை வாரிக் கரையில் குவித்தார்கள். அடுத்த வாரம் வந்து சேற்றையும் அள்ளி ஸ்லாப்பையும் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த வருஷம் பருவமழை மே 24-ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு முன்கூட்டி வந்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். குவித்து வைத்த சேறு முழுவதும் இரண்டே நாள் மழையில் ஓடைக்குள் திரும்பப் போய்ச் சேர்ந்தது. செய்த வேலையும் வீண், ஓடையும் திறப்பு.

2. ஓடை இரண்டரை அடி அகலம், நாலடி ஆழம். முற்றத்துக்குள் போக இதைத் தாண்டாமல் வேறு வழி இல்லை. ஒரு பக்கம் மில் சுவர், இன்னொரு பக்கம் குளத்து மதில். நாங்களே இரண்டு பாக்கு மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, அதன் மேல் பந்தல்காரரிடம் வாங்கிய ஒரு பலகையை வைத்திருக்கிறோம். மழையில் அது பாசி பிடித்து வழுக்குகிறது. முற்றம் என்றால் வெறும் காலி இடம் என்று ஒருவேளை அலுவலகக் கோப்பில் எழுதியிருக்கலாம். எங்களுக்கு அது கூடம். பெண்களின் அயல்கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் திண்ணையில்தான் கூடும், வாரச் சேமிப்பை எண்ணி நோட்டில் எழுதும். இப்போது வயதானவர்கள் பணத்தைப் பேத்தி கையில் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். ஆடி கழிந்து ஆவணி பிறந்தால் எங்கள் தெருவுக்கு அடுத்தடுத்து நாள் வரும். இந்த வருஷம் ஆகஸ்ட் 26 ஓணம் தொடங்கும் அத்தம், மறுநாளே பிள்ளையார் சதுர்த்தி, செப்டம்பர் 5 திருவோணம், 17-ஆம் தேதி புரட்டாசி பிறப்பு, 22-ஆம் தேதி நவராத்திரித் தொடக்கம். எல்லாம் அந்த அரசமரத்தடியில்தான்.

3. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஓணத்துக்கு முன் வயநாட்டில் மலை இடிந்து அத்தனை உயிர் போனது. ஆட்டமும் பாட்டும் வேண்டாம் என்று தெருவே சேர்ந்து முடிவு செய்து, சத்யா விருந்துக்கு வசூலித்த பணத்தை நிவாரணத்துக்கு அனுப்பினோம். அதனால் இந்த ஓணம் எங்களுக்கு இரண்டு வருஷத்து ஓணம். திருவோணத்துக்கு மறுநாள் அவிட்டத்தன்று, செப்டம்பர் 6 சனிக்கிழமை, தெருக்கூடல் வைத்தோம். 140 இலை. நான்தான் சமையல். ராவுத்தர் வீட்டார் பாலடைப் பிரதமன் பாயசத்துக்கு வேண்டிய பாலை முழுக்கத் தாங்களே தந்தார்கள். காலையில் கோயம்புத்தூர் மார்க்கெட்டிலிருந்து வந்த செண்டுமல்லியைப் பிரித்துப் பிள்ளைகள் பூக்களம் போட்டார்கள். பிரதமன் காய்ச்சும் பெரிய பாத்திரமான வார்ப்பு என்றால் தாங்கள் அறிவீர்கள், காதில் கம்பு கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க அதை அந்தப் பாக்கு மரத்தின் மேல் கடத்தினோம். முன்னால் போகிறவன் கால் வைத்த பிறகுதான் பின்னால் வருகிறவன் மூச்சு விட்டான்.

வார்ப்பைக் கடத்துவதற்காகப் பலகையை அரை அடி தள்ளிப் போட்டவன் நான். இலை போட்டு, பந்தி பரிமாறி, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அதைத் திரும்ப நகர்த்த வேண்டும் என்ற நினைப்பு எனக்கு வரவில்லை.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும், தூறல். எதிர்வீட்டுப் பெரியம்மா, வயது 74, பெண்கள் ஆடும் கைகொட்டிக்களிக்கு முதல் பாட்டு எடுத்துக் கொடுக்க வந்தார். இந்தத் தெருவில் எந்தக் கொலுவானாலும் முதல் பாட்டு அவருடையதுதான். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்படித்தான். செட்டு முண்டு உடுத்தி, தலையில் முல்லைச் சரம் வைத்து, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பலகை புரண்டது. பேத்தி கையை விட்டுவிட்டார், பிள்ளையும் கூட விழுந்துவிடுமே என்று. தாமே விழுந்தார். நாலடி ஆழம், அதில் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீர். வடம்வலிக்கு, அதாவது கயிறு இழுக்கும் போட்டிக்கு நின்ற பையன்கள் இரண்டு பேர் குதித்துத் தூக்கினார்கள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நேற்று அறுவை சிகிச்சை ஆயிற்று. ஓடைத் தண்ணீர் வாய்க்குள்ளும் போயிருப்பதால் எலிக்காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்று மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஐயா, தூக்கிக் கொண்டுவந்து திண்ணையில் கிடத்தியபோது அவர் வலி தாங்காமல் அழவில்லை. பத்துப் பேர் பார்க்கச் சாக்கடையில் கிடந்தேனே என்றுதான் அழுதார். முண்டெல்லாம் சேறு. ஒரு பெண் ஓடிப்போய்ப் புடவை கொண்டுவந்து மறைத்தாள். அந்தக் குரலை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பலகையை நகர்த்தியவன் நான் என்று அவர் மகனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "பலகை இருக்க வேண்டிய இடமா அண்ணா அது?" என்று மட்டும் கேட்டார்.

அதைத்தான் நாங்கள் தங்களைக் கேட்கிறோம். ஸ்லாப் இருக்க வேண்டிய இடத்தில் ஏன் பலகை இருந்தது?

4. கிளப்பிய 11 ஸ்லாப்புகளில் 2 உடைந்துவிட்டன. மீதி 9 முழுசாக இருக்கின்றன. எங்கோ கிடங்கில் இல்லை, மில் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள், ஓடையிலிருந்து பத்தடி தூரம். நான்கு மாத மழையில் அவற்றைச் சுற்றிப் புல் முளைத்து, கோவைக்கொடி படர்ந்திருக்கிறது. தினமும் காலையில் கடைக்குப் போகும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். புதிதாக வாங்கச் சொல்லவில்லை ஐயா. இருப்பதை எடுத்துப் போடச் சொல்கிறோம். நாலு ஆள், ஒரு கடப்பாரை, அரைநாள் வேலை.

அதையும் நாங்களே செய்துகொள்கிறோம் என்று சொன்னோம். ஜூலை மாதம் தெரு இளைஞர்கள் கயிறும் கடப்பாரையுமாக வந்து நின்றபோது ஓவர்சியர் வந்து, நகராட்சிச் சொத்தில் கை வைத்தால் வழக்காகும் என்றார். சரி, தாங்கள் எப்போது போடுவீர்கள் என்று கேட்டோம். சேறு வாராமல் ஸ்லாப் போட முடியாது என்றார். சேறு எப்போது வாருவீர்கள் என்றோம். மழை நிற்காமல் முடியாது என்றார். புரட்டாசி போனால் துலாவர்ஷம் என்ற ஐப்பசி மழை வரும், அது போக டிசம்பர் ஆகிவிடும். கவுன்சிலரிடம் போனால், வார்டு எல்லையை மாற்றி வரைந்துவிட்டார்கள், இனி உங்கள் சந்து அடுத்த வார்டு என்கிறார். அடுத்த வார்டுக்காரரோ, தேர்தல் நடந்தால்தானே அது எங்களுக்கு வரும் என்கிறார். அதுவரை எங்கள் சந்து யாருடையது? வீட்டு வரி கட்டும்போது மட்டும் வார்டில் குழப்பம் வந்ததில்லையே! அந்த ரசீதில் எல்லாம் சரியாகத்தான் அச்சாகி வருகிறது.

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் மன்னியுங்கள். தங்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. திண்ணையில் எங்களோடு உட்கார்ந்தவர் என்பதால்தான் இவ்வளவு உரிமையாக எழுதுகிறேன்.

5. நவராத்திரிக்கு இன்னும் 13 நாள். நவராத்திரி முடியும்வரை தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பெண்களும் பிள்ளைகளும் முற்றத்துக்கு வருவார்கள், இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். வருகிறவர்களில் கைக்குழந்தைக்காரிகள் உண்டு, கோலூன்றி வருகிறவர்கள் உண்டு. அக்டோபர் 2 விஜயதசமி அன்று காலையில் அரசமரத்தடியில் குழந்தைகளை மடியில் வைத்து எழுத்தறிவிப்போம். அரிசித் தட்டில் ஒரு வீட்டார் ‘அ’ எழுத வைப்பார்கள், பக்கத்து வீட்டார் மலையாளத்தில் ‘ஹரிஸ்ரீ’ எழுத வைப்பார்கள். இந்த வருஷம் எழுதப்போகும் குழந்தைகள் ஏழு. ஏழும் இரண்டரை, மூன்று வயது. மடியிலிருந்து இறங்கினால் ஓடும் வயது ஐயா. ஓடையின் விளிம்பில் கைப்பிடிச் சுவர்கூட இல்லை.

இந்த வருஷம் கொலுவை நிறுத்திவிடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேச்சு வந்தது. சிலர், அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வந்துபோக வேண்டாம் என்றார்கள். இதை ஆஸ்பத்திரியில் பெரியம்மா காதில் யாரோ போட்டுவிட்டார்கள். நேற்று மயக்கம் தெளிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நிறுத்தாதே. நான் படுத்தபடி போனில் பாடுகிறேன், நீ சத்தமாக வை" என்றார். வைப்போம். ஆனால் அதைக் கேட்கத் தெரு ஜனம் அந்தப் பலகை மேல் நடந்து வர வேண்டுமே.

ஆகவே ஐயா, தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது:

செப்டம்பர் 20-ஆம் தேதி, முதல் புரட்டாசி சனிக்கிழமைக்குள் முழுசாக உள்ள 9 ஸ்லாப்புகளையும் போட்டுத் தாருங்கள். உடைந்த 2-க்குப் புதிதாக வார்க்கும்வரை அந்த இடத்தில் இரும்புத் தகடாவது வைத்து மூடுங்கள். சேறு வாருவது பிறகு நடக்கட்டும். ஸ்லாப்பை மறுபடி கிளப்பினால் அன்றே திரும்பப் போட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். இதுவும் முடியாது என்றால், நாங்களே போட்டுக்கொள்ள ஒரு வரி எழுத்தில் அனுமதி கொடுங்கள். அன்றைக்கே போட்டுவிடுவோம், கூலி வேண்டாம், சாமான் வேண்டாம். கையெழுத்து மட்டும் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் தெருப் பெண்கள் நால்வரும் அலுவலகத்துக்கு வருகிறோம். தாங்கள் இருந்து பதில் சொல்ல வேண்டும். தாங்கள் இல்லாவிட்டால் திங்கட்கிழமை வருவோம். ஒருமுறை சந்துக்கு வந்து பாருங்கள் ஐயா, போன வருஷம் ஜீப் நின்ற இடத்தை. எப்படியாவது நவராத்திரிக்கு முன் அந்த ஸ்லாப்புகளைப் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசமரத்து முற்றத் தெருவாசிகள்
(62 கையொப்பங்களும் 9 கைநாட்டுகளும் பின்தாளில்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் ரசீது நகல்கள், மில் சுவரில் சாய்ந்திருக்கும் ஸ்லாப்புகளின் புகைப்படம், ஓடையின் புகைப்படம் இரண்டு.