பாப்பாவின் ஜீன் ரிப்போர்ட்

கண்ணு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாப்பாவின் ஜீன் ரிப்போர்ட்டை முழுசாகப் படித்துவிட்டேன். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் பிள்ளைக்கு ஞாபகசக்தி எப்படி, கணக்கு வருமா, பாட்டு வருமா என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் கொடுக்கிறார்கள், நல்ல வியாபாரம்தான். "நினைவாற்றல் சராசரிக்குக் கீழே" என்று சிவப்பில் இருந்ததைப் பார்த்து இரண்டு பேரும் ராத்திரி தூங்கவில்லை என்று மருமகள் சொன்னாள். உன் அப்பா வேறு, அது அம்மா வழியில் வந்திருக்கும் என்று ஆரம்பித்துவிட்டார். கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இத்தனை வருஷம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு பயாலஜி நடத்தியவள் சொல்கிறேன், அந்தச் சிவப்புக் கட்டத்தை நம்பாதே.

அந்தக் கட்டத்துக்கு அவர்கள் பார்த்திருப்பது காம்ட் என்ற மரபணுவின் டிஎன்ஏவில் ஒரு எழுத்து, பிடிஎன்எஃப் என்ற மரபணுவில் ஒரு எழுத்து, அவ்வளவுதான். காம்ட் கதை பொய் இல்லை. மூளையின் முன்பகுதியில் டோபமைனை, அதாவது நரம்பு செல்களுக்கிடையே சேதி கொண்டுபோகும் ரசாயனத்தை, உடைக்கும் நொதி அதிலிருந்துதான் வருகிறது, அந்த நொதியில் ஒரு வகை இன்னொன்றைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக வேலை செய்யும். வேகமாக உடைத்தால் டோபமைன் குறையும், அதனால் மனசில் வைத்துக் கணக்குப் போடுவது சிரமமாகும் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் டோபமைன் குறைந்தாலும் வேலை கெடும், கூடினாலும் கெடும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளுக்கு வேறு மரபணுக்கள், வெளியே வந்ததைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்துக்கு இன்னொரு மரபணு, இவையெல்லாம் ஒருத்தருக்கு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரியாமல் அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது காம்ட் எழுத்துக்கும் அறிவுத்திறனுக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு கிடைக்கவில்லை. உன் ரிப்போர்ட்டில் அந்த விஷயம் எந்தப் பக்கத்திலும் இல்லை, தேடிப் பார்த்தேன்.

மரபணுக்கள் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடும் என்பதை பேட்சனும் புன்னெட்டும் நூறு வருஷத்துக்கு முன்பே கோழிக் கொண்டையில் காட்டிவிட்டார்கள், நீயும் படித்ததுதான். ரோஜாக் கொண்டை ஒரு ஜாதி. பட்டாணிக் கொண்டை இன்னொரு ஜாதி, சண்டைக்கு விடுகிற அசில் சேவலுக்கு இருக்குமே அது. கலப்பில்லாத இரண்டையும் சேர்த்தால் குஞ்சுகளுக்கு வால்நட் கொண்டை வருகிறது, தாய்க்கும் இல்லை தகப்பனுக்கும் இல்லை. அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால் பதினாறில் ஒன்றுக்கு சாதாரண ஒற்றைக் கொண்டை. இரண்டே இரண்டு மரபணு, தலையில் ஒரு கொண்டை, அதற்கே இந்தக் கூத்து!

மூளையில் கிட்டத்தட்ட 8,600 கோடி நியூரான்கள், நம்மிடம் இருக்கும் மரபணுக்களோ சுமார் 20,000. இணைப்புக்கு ஒரு மரபணு என்று வைக்க வழியே கிடையாது. எந்த நரம்பிழை எந்தப் பக்கம் வளர வேண்டும், எதற்கு மயலின் என்ற கொழுப்பு உறை ஏற வேண்டும், வேண்டாத இணைப்பை எப்போது வெட்டிவிட வேண்டும் என்று பல மரபணுக்கள் சேர்ந்து ஒன்றை ஒன்று தட்டியும் அடக்கியும் நடத்துகிற வேலை அது, அதுவும் முன்மூளையில் இருபது வயதைத் தாண்டியும் நடக்கிறது. பரம்பரைக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரின் மூளைக் கம்பித்தடங்கள் (மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கட்டுகள்) மற்ற இரட்டையருடையதைவிட அதிகமாக ஒத்துப்போகின்றன. ஆனால் 2018-இல் 2,69,867 பேரின் டிஎன்ஏவை அலசி அறிவுத்திறனோடு தொடர்புள்ள 205 இடங்களைப் பிடித்தார்கள், அந்தத் தரவை வைத்து மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது ஆட்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தில் சுமார் 5 சதவீதத்தைத்தான் விளக்க முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளிக்காரர்களிடம். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து நம் வீட்டுப் பிள்ளைமேல் ஒட்டுவது என்ன நியாயம்?

ஒரே மரபணு மூளையைக் கெடுத்துவிடும் நோயும் இருக்கிறது, பினைல்கீட்டோனூரியா மாதிரி. அங்கேயும் பிறந்த உடனே கண்டுபிடித்து புரதத்தில் இருக்கும் பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் குறைந்த சாப்பாடு கொடுத்தால் பிள்ளை நன்றாகவே வளரும். அதை டாக்டர் ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார். இந்த ரிப்போர்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்புறம் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் சில பேரை ஆறு வாரம் மூன்று பந்தை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கப் பழக்கினார்கள், அதற்குள்ளேயே கண்ணையும் கையையும் ஒருங்கிணைக்கிற பகுதியின் கம்பித்தடங்களில் மாற்றம் தெரிந்தது, 2009-இல் வெளியிட்டார்கள். பாப்பா லீவுக்கு இங்கே வந்தால் என்னோடு தமிழ், பக்கத்து வீட்டுச் சேச்சியோடு மலையாளம், யாரும் சொல்லித்தராமலே மாறி மாறிப் பேசுகிறாள். போன லீவில் கேட்ட கதையை வரி மாறாமல் சொல்கிறாள். இதற்கா ஞாபகசக்தி குறைவு?

அந்தக் கம்பெனிக்காரன் "பிரெய்ன் பூஸ்டர் பேக்கேஜ்" என்று திரும்ப போன் பண்ணினானாமே, ஒரு ரூபாய் கட்டாதே. போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதி வருகிறாள், டிவிக்குப் பக்கத்திலேயே போய் நிற்கிறாள் என்று மருமகள் போன வாரமே சொன்னாள். முதலில் ஒரு கண் டாக்டரிடம் காட்டு, அப்படியே காதையும் பார்த்துவிடு. இந்தச் சனிக்கிழமையே போ. என்ன சொன்னார்கள் என்று சாயங்காலம் போன் பண்ணு.

அம்மா